பதினோரு படங்களுடன் வந்த கிரேஸ் சாந்தகுமாரி

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மிருதங்க வித்வான் திரு. பாலசுப்ரமணியன் அவர்களே, நம் அல்சூர் சபாவின் செயலாளர் திரு. மஞ்சுநாத் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரின் மகள் சோனியா அவர்களே, கோலார் தங்கவயலிலிருந்து காலை ரயிலைப் பிடித்து வந்திருக்கும் உறவினர்களே, பொம்மசந்திராவில் அவரோடு இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்த தோழர்களே, ரிச்சர்ட்ஸ் டவுன் அண்டைவீட்டாரே, பாடுகிறவர்களே, வாசிக்கிறவர்களே, கேட்கிறவர்களே! உங்கள் எல்லோருக்கும் வயலின்காரன் வைத்தீஸ்வரனின் வணக்கம்.

எனக்கு மேடையில் பேசிப் பழக்கமில்லை. நாற்பது ஆண்டுகளாக மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் ஒலிபெருக்கி என் வயலினுக்கு முன்னால்தான் இருந்திருக்கிறது, என் வாய்க்கு முன்னால் இருந்ததில்லை. ஒரே ஒரு முறை வாய்க்கு முன்னால் இழுத்துப் பேசினேன். அதுவும் கிரேஸ் அம்மையாரைப் பற்றித்தான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரங்கல் கூட்டத்தில் இறந்தவரின் பெருமையைச் சொல்வார்கள். நான் என் சிறுமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் அவர் பெருமை உங்களுக்கு முழுதாகத் தெரியாது.

யார் இந்த கிரேஸ் சாந்தகுமாரி? தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் வரிசைவீட்டில் பிறந்தவர். கல்யாணமாகி பெங்களூருக்கு வந்தவர். மகளுக்கு ஏழு வயதாகும்போது கணவரை இழந்தவர். பொம்மசந்திராவில் வால்வு தயாரிக்கும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. அங்கே அவர் செய்த வேலை என்ன தெரியுமா? படம் எடுப்பது! வார்த்து எடுத்த இரும்பு பாகங்களை விளக்கடியில் வைத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கே இருக்கிறது என்று தேடிப் படம் எடுத்து, அறிக்கை எழுதுவது. ஒரு நாளைக்கு இருநூறு பாகம். தலைமுடி அளவு விரிசல், அதில் பாதி அளவு விரிசல். இதுதான் அவர் கண் பழகிய பள்ளிக்கூடம். சங்கீதம் அவர் வீட்டில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் பாட்டு உண்டு, அவ்வளவுதான்.

அதே தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் நம் மஞ்சுநாத் இருந்தார். இரண்டாயிரத்து எட்டு டிசம்பரில் சபா ஆண்டு விழாவுக்கு வழக்கமாகப் படம் எடுப்பவர் வரவில்லை. மஞ்சுநாத் நேராக அம்மையாரின் மேசைக்குப் போனார். "கிரேஸ் மேடம், ஸ்வல்ப ஹெல்ப் மாடி. சாயங்காலம் ஒரு ப்ரோக்ராம் இருக்கு, வந்து நாலு ஃபோட்டோ எடுத்துக் குடுங்க, சாக்கு, அது போதும்" என்றார், பாதி கன்னடத்தில். வந்தார் அம்மையார். நாலு படம் எடுக்க வந்தவர் பதினேழு வருடம் இருந்துவிட்டார்!

அன்றைக்கு என்ன நடந்தது? இதே மண்டபம். பாடகர் ஆலாபனையில் இருக்கிறார். மெதுவாக, ஒவ்வொரு ஸ்வரமாகத் தடவிக்கொண்டு போகிறார். நான் அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறேன். மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. அப்போது முன்வரிசையிலிருந்து 'டக்' என்று காமிரா ஒலி. கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு தொடர்ந்து மூன்று. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வில்லைக் கீழே வைத்தேன். ஒலிபெருக்கியை என் பக்கம் இழுத்தேன்.

"அந்தக் காமிராவ நிறுத்தச் சொல்லுங்கோ. இது என்ன கல்யாண மண்டபமா? வெளியில போகச் சொல்லுங்கோ!"

முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். காமிராவைப் பைக்குள் வைத்தார். நடந்து வெளியே போனார். பாடகர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நானும் தொடர்ந்தேன். அன்று நான் நன்றாக வாசித்ததாகக்கூட எல்லோரும் சொன்னார்கள்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது செருப்பு வைக்கும் இடத்தருகே அவர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னார்:

"சார், தப்பு எம்மேலதான். எப்ப எடுக்கலாம், எப்ப எடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரில. யாராவது சொல்லிக் குடுத்தா கத்துக்குவேன்."

எனக்கு அவரை அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது. "தாளம் தெரிஞ்சுண்டு வாங்கோ, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். நாம் ஆயிரம் பேரிடம் ஆயிரம் சொல்கிறோம். யார் அதையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள்? அவர் எடுத்துக்கொண்டார்! அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு, நம் தலைவர் பாலசுப்ரமணியனின் வீட்டு வாசலில் போய் நின்றார். பாலு அவர்கள் இங்கேயே இருக்கிறார், நான் தவறாகச் சொன்னால் திருத்தட்டும். "பாடறதுக்கா, வாசிக்கறதுக்கா?" என்று இவர் கேட்டாராம். "இல்ல சார், ஃபோட்டோ புடிக்க" என்றாராம் அவர். பாலு பத்து நிமிடம் சிரித்தாராம். சிரித்து முடித்தபோதும் அந்த அம்மாள் அங்கேயே உட்கார்ந்திருந்தாராம்.

ஏழு மாதம் கற்றுக்கொண்டார். தொழிற்சாலைப் பேருந்து ஓசூர் ரோட்டு நெரிசலில் நகர்ந்து போகும் ஒன்றரை மணி நேரமும் தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டே போவாராம். பக்கத்து இருக்கைக்காரர் அவர் ஜெபம் செய்வதாக நினைத்து, பாட்டு கேட்கும் தன் கைபேசியின் சத்தத்தைக் குறைத்துவிடுவாராம். அவரும் இங்கே வந்திருக்கிறார் என்று சொன்னார்கள்.

அடுத்த ஆகஸ்டில் ஒரு கச்சேரி. முன்வரிசையில் அவரைப் பார்த்தேன். மனதுக்குள் முணுமுணுத்தேன். ஆலாபனை முடிந்தது. ஒரு சத்தமும் இல்லை. காமிரா மடியில் இருந்தது. பாட்டு தொடங்கியது. மிருதங்கம் சேர்ந்தது. பாலுவின் இடது கை 'தொம்' என்று விழுந்த அதே கணத்தில், மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலான அந்தத் தொப்பியின் நாதத்துக்கு அடியில், மெல்லிய ஒரு 'டக்'. எனக்குச் சந்தேகம். காதைத் தீட்டிக்கொண்டேன். தாளம் ஒரு சுற்று வந்து, அடுத்த ஆவர்த்தனத்தில் மறுபடியும் அதே இடம், அதே 'தொம்', அதற்கு அடியில் அதே 'டக்'. முந்நூறு பேரில் ஒருவருக்கும் கேட்டிருக்காது. மேடையில் இருந்த எங்களுக்கு மட்டும் கேட்டது. பாலு என்னைப் பார்த்தார். நான் பாலுவைப் பார்த்தேன். இரண்டு பேரும் பாட்டின் நடுவே சிரித்துவிட்டோம். அடுத்த 'தொம்'மில் அந்தச் சிரிப்பையும் எடுத்துவிட்டார்! நம் சபாவின் அலுவலக அறையில் மாட்டியிருக்கும் படம் அதுதான்.

தன் கருவியின் சத்தம் இன்னொருவருடைய இசையைத் தொந்தரவு செய்யக் கூடாது என்பதற்காகத் தாளம் கற்றுக்கொண்ட புகைப்படக்காரரை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. சத்தமே இல்லாத காமிராக்கள் பின்னால் வந்தன. அவரும் ஒன்று வாங்கினார். ஆனால் பழக்கம் போகவில்லை. சத்தமில்லாத காமிராவிலும் அவர் தாளத்தில்தான் அழுத்தினார்.

அதன் பிறகு அவரை ஒத்திகைகளுக்கு அழைக்கத் தொடங்கினோம். ஒத்திகை என்றால் என்ன? மேடையில் நாங்கள் பட்டு வேட்டியும் ஜரிகையுமாக இருப்போம். ஒத்திகையில் பனியனோடு இருப்போம். ஒரே வரியை இருபது முறை பாடுவோம். கோபிப்போம். கொட்டாவி விடுவோம். வெந்நீர்ப் பாத்திரத்தைத் தேடுவோம். அவர் ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து உட்காருவார். முதல் ஒரு மணி நேரம் காமிராவை எடுக்கவே மாட்டார். நாங்கள் அவரை மறந்த பிறகுதான் எடுப்பார். மேடையில் எடுத்த படங்களில் நாங்கள் வித்வான்கள். ஒத்திகையில் எடுத்த படங்களில் நாங்கள் தேடிக்கொண்டிருப்பவர்கள். ஒரு ஸ்வரம் கிடைக்காமல் தவிக்கும் முகம், அது கிடைத்துவிட்ட அடுத்த கணத்தின் முகம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அவர் கொடுத்தபோது, என் தொழிலைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றைக் கண்டேன்.

இன்னொன்றையும் அந்தப் படங்களில் கண்டேன். அவையோரே, இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். என் வீட்டு ஒத்திகையில் எடுத்த ஒரு படம். நடுவில் பாய். பாய் ஓரத்தில் நான்கு எவர்சில்வர் டம்ளர்கள். சுவர் ஓரமாக, அவர் பைக்குப் பக்கத்தில், ஒரு காகிதக் கோப்பை. எல்லோருக்கும் டம்ளரில் காபி, அவருக்கு மட்டும் காகிதக் கோப்பையில். யாரும் உட்கார்ந்து தீர்மானித்துச் செய்ததில்லை. ஆனால் இரண்டு வருடமாக அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது, என் வீட்டில், என் கண்ணெதிரில்! அவர் அதை எனக்குக் காட்டுவதற்காக எடுக்கவில்லை. என் முகத்தை எடுத்திருந்தார், அது ஓரத்தில் விழுந்திருந்தது. நான் படத்தை எடுத்துக்கொண்டுபோய் என் மனைவியிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அடுத்த ஒத்திகையில் ஐந்து டம்ளர்கள் வந்தன. அம்மையார் எடுத்துக் குடித்தார். அதைப் பற்றி அன்றும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இன்று சோனியாவின் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. ஒத்திகையில் எடுத்த படம், அதில் இருப்பவர் சரியென்று சொல்லாமல் வெளியே போகாது. ஒரு பெரிய பாடகி ஒத்திகையில் அழுத படத்தை ஒரு பத்திரிகை கேட்டது. பெரிதாகப் போடுவோம், உங்கள் பெயரும் வரும் என்றார்கள். "அவங்க அழுதது எங்க முன்னாடி இல்ல சார், பாட்டு முன்னாடி. நான் அங்க இருந்தேன், அவ்ளோதான்" என்று சொல்லி மறுத்துவிட்டார். அந்த விதி எவ்வளவு உறுதியானது என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். ஏனென்றால் அந்த விதிக்குள் பல வருடம் ஒளிந்திருந்தவன் நான்!

இதுவரை நான் எந்த மேடையிலும் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதினேழு, ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். ஒத்திகை எதுவும் இல்லை. கையில் ஒரு பழுப்பு உறை. "ரெண்டு நிமிஷம் சார்" என்றார். உறையிலிருந்து பதினோரு படங்களை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் என் இடது கை. முகம் இல்லை, வயலினின் கழுத்தும் என் விரல்களும் மட்டும். ஒவ்வொன்றின் கீழும் தேதி.

"இது ரெண்டாயிரத்துப் பன்னெண்டு சார், சுண்டுவிரலு தந்திக்கு மேல நிக்குது. இது பதினாலு, கொஞ்சம் தூக்கினாப்பல. இது போன வருசம், மடங்குது. இது போன வாரம்."

போன வாரத்துப் படத்தில் என் சுண்டுவிரல் உள்ளங்கைக்குள் சுருண்டிருந்தது.

அவையோரே, அது எனக்குத் தெரியாதா? தெரியும்! எங்கள் பாணியில் நான்கு விரல்களுக்கும் வேலை உண்டு. இரண்டு வருடமாக என் சுண்டுவிரல் என் பேச்சைக் கேட்கவில்லை. சாப்பிடும்போது சரியாக இருக்கும், சட்டைப் பொத்தான் போடும்போது சரியாக இருக்கும். வயலினை எடுத்தால் மட்டும் சுருண்டுகொள்ளும். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் சொல்லவில்லை. பாலுவிடம் சொல்லவில்லை. மூன்று விரல்களை வைத்து மழுப்பினேன். வேகமான சங்கதிகளைத் தவிர்த்தேன். சில ராகங்களைப் பாடகர் எடுக்கப் போகிறார் என்று தெரிந்தால், அந்தக் கச்சேரிக்கே ஏதோ சாக்குச் சொல்லி வராமல் இருந்தேன். விமர்சகர்கள் என் வாசிப்பில் நிதானம் கூடியிருப்பதாக எழுதினார்கள். நிதானம்! பயம் அது. எழுதத் தெரிந்தவர்கள் காதில் விழாதது, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்கள் கண்ணில் படாதது, விரிசல் தேடிப் பழகிய அந்த ஒரு ஜோடிக் கண்ணில் பட்டுவிட்டது.

நான் என்ன செய்தேன்? நன்றி சொன்னேனா? இல்லை. "என்னை வேவு பார்க்கறேளா? நீங்க டாக்டரா? எடுத்துண்டு போங்கோ இதையெல்லாம்!" என்று கத்தினேன். இரண்டாவது முறையாக அவரை வெளியே போகச் சொன்னேன்.

அவர் எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"சார், கம்பெனில ஒரு பார்ட்ல விரிசல் இருந்தா, ஃபோட்டோ எடுத்து எழுதிக் குடுத்துடுவேன். அதோட என் வேலை முடிஞ்சிடும். மெஷின நிறுத்தறது வேற ஒருத்தர் வேலை. இங்க வேற ஒருத்தர் யாரும் இல்லியே சார். நீங்கதான் இருக்கீங்க."

போய்விட்டார். படங்களை எடுத்துக்கொண்டு போகவில்லை. தரையிலேயே இருந்தன. நான் அவற்றைக் குப்பையில் போடவில்லை. ஏன் போடவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு கச்சேரி. பாடகர் கல்பனாஸ்வரம் பாடுகிறார். நான் பதில் வாசிக்க வேண்டும். மேல் ஷட்ஜத்தைத் தாண்டிப் போகும் இடத்தில் விரல் சுருண்டது. வில் போகிறது, ஸ்வரம் இல்லை. ஒரு கணம்தான். பாடகர் நல்லவர், சட்டென்று குரலைக் கொடுத்து மூடிவிட்டார். கூட்டம் கைதட்டிற்று. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். முன்வரிசையில் கிரேஸ் அம்மையார். காமிரா கண்ணருகே இருந்தது. என் கண்ணை அவர் பார்த்தார். மெதுவாகக் காமிராவை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். கச்சேரி முடியும்வரை அதை அவர் எடுக்கவே இல்லை.

மறுநாள் காலையில் நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "கிரேஸ்..." என்றேன். அவர் என்னை முடிக்கவிடவில்லை. "எப்ப போலாம் சார்? நான் லீவு போட்டுடறேன்" என்றார்.

நரம்பு மருத்துவரிடம் போனோம். நான் என் கதையைச் சொன்னேன், முன்னுக்குப் பின் முரணாக. மருத்துவர் கேட்டுக்கொண்டார். பிறகு அம்மையார் அந்தப் பதினோரு படங்களை மேசையில் பரப்பினார். மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "பேஷண்ட் சொல்றதைவிட இது எனக்கு அதிகம் சொல்லுது. எப்ப ஆரம்பிச்சதுன்னே தெரியுது" என்றார். விரலில் பழுது இல்லை, மூளையிலிருந்து விரலுக்குப் போகும் உத்தரவு குழம்பியிருக்கிறது என்று விளக்கினார். நீண்ட நாள் ஒரே அசைவைச் செய்கிற கலைஞர்களுக்கு வரக்கூடியது. முழுதாகச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இப்போதே நிறுத்தி, விரலுக்கு மறுபடியும் முதலிலிருந்து பழக்க வேண்டும். இப்படியே வாசித்துக்கொண்டிருந்தால் அடுத்த விரலும் போகும்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. வயலின் தவிர வேறொன்றும் தெரியாது. அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா சார்?" என்று மட்டும் கேட்டார். என் மனைவியைச் சொன்னார். "நானே சொல்றேன்" என்றேன். அன்று மாலையே சொன்னேன்.

பதினான்கு மாதம் நான் மேடை ஏறவில்லை. தோள்வலி என்று சொல்லிவைத்தேன். குழந்தைகள் முதல் பாடத்தில் வாசிக்கும் சரளி வரிசையை, ஒரு தந்தியில், ஒரு விரலால், நத்தை வேகத்தில் வாசித்தேன். ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் கிரேஸ் அம்மையார் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். என் கையைப் படம் எடுப்பார். போன வாரத்துப் படத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டுவார். முன்னேற்றம் இல்லாத வாரங்களில், "இல்ல சார், அப்படியேதான் கீது" என்பார். பொய் சொல்ல மாட்டார். அதனாலேயே, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, "சார், எறங்குது பாருங்க, நூலளவு" என்று அவர் சொன்னபோது நான் நம்பினேன். என் மனைவியைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம்.

இந்தப் பதினான்கு மாதமும் ஊர் சும்மா இருக்குமா? நம் மஞ்சுநாத் அவரைக் குடைந்திருக்கிறார். அவரே என்னிடம் பின்னால் சொன்னார். "ஏனாய்த்து மேடம், வைத்தி சாருக்கு? ஊரெல்லாம் ஏதேதோ பேசறாங்க. உங்களுக்கு கொத்து, எல்லாம் தெரியும், நீங்க சொல்லமாட்டேங்கறீங்க!" அம்மையார் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: "சார் ரெஸ்ட் எடுக்கறாரு." நூறு முறை கேட்டாலும் அதே பதில். அந்தச் செய்தி வெளியே கசிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? என்னை யார் கூப்பிட்டிருப்பார்கள்? கை போனவன் என்ற பெயர் ஒட்டியிருந்தால், கை திரும்பிய பிறகும் அது போயிருக்காது. என் வாழ்க்கை முழுவதும் அவர் வீட்டுப் பெட்டியில் படங்களாக இருந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினெட்டு செப்டம்பரில் பிரேசர் டவுனில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில், நாற்பது பேருக்கு முன்னால், மறுபடியும் வாசித்தேன். விரல் முழுதாகத் திரும்பவில்லை. இன்றும் திரும்பவில்லை. நான் இன்று வாசிப்பது மூன்றரை விரல் வாசிப்பு. கேட்கிறவர்களே, உங்களில் சிலர் என் பாணி மாறியிருக்கிறது என்று சொல்வீர்கள். ஏன் மாறியது என்று இன்றைக்குத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு இனி மறைக்க விருப்பமில்லை. இந்த அரங்கில் விரலையோ குரலையோ பற்றிய பயத்தை மறைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். அந்த மருத்துவரின் எண் என்னிடம் இருக்கிறது. கூட வருவதற்கு நானும் இருக்கிறேன்.

நண்பர்களே, கிரேஸ் அம்மையாருக்கு நுரையீரலில் நோய் என்று போன டிசம்பரில் தெரிந்தது. எங்களுக்கெல்லாம் தெரிந்தது பிப்ரவரியில். அதுவரைக்கும் அவர் சபாவுக்கு வந்துகொண்டுதான் இருந்தார். கடைசி இரண்டு வாரம் மருத்துவமனையில். சோனியா அலுவலக வேலையை அங்கேயே மடிக்கணினியில் வைத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலருகே இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகளிடம் ஜன்னல் திரையை விலக்கச் சொல்லிவிட்டு, வெளிச்சத்தைப் பார்த்தபடி, சிரமமில்லாமல் போய்ச் சேர்ந்தார்.

அதற்கு நான்கு நாள் முன்பு நான் பார்க்கப் போயிருந்தேன். பேசினால் இருமல் வரும் என்று பேச வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

"சார், பதினேழு வருசத்துப் படம் எல்லாம் அடுக்கிட்டேன். எல்லாப் படத்துக்கும் பேரு எழுதிட்டேன். எழுபத்தி மூணு பேருக்குத்தான் பேரு தெரில."

"யாரு அவா?" என்று கேட்டேன்.

"தம்புரா போட்டவங்க சார். பெரும்பாலும் பொம்பளைங்க. அப்புறம் கஞ்சிராக்காரங்க, மோர்சிங்காரங்க ரெண்டு மூணு பேரு. நோட்டீஸ்ல அவங்க பேரு போடல. நானும் அப்ப கேக்கல. கேட்டிருக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை கச்சேரிகளில் என் முதுகுக்குப் பின்னால் தம்புரா ஒலித்திருக்கிறது! அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டுதான் நான் வாசித்தேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், திரும்பி உங்கள் பெயர் என்ன என்று கேட்டேனா?

"நான் கண்டுபிடிக்கறேன், கிரேஸ்" என்றேன். "எல்லாரையும் சார்" என்றார். "எல்லாரையும்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவையோரே! இது நான் அவருக்குக் கொடுத்த வாக்கு. நீங்கள் அனுமதித்தால், நாம் கொடுக்கும் வாக்காக இதை மாற்றிக்கொள்ளலாம். செயலாளரிடமும் தலைவரிடமும் பேசிவிட்டேன். சோனியா ஒப்புக்கொண்டிருக்கிறார். அம்மையாரின் படங்கள் அனைத்தும் நம் சபாவின் பாதுகாப்பில் இருக்கும். அவருடைய விதி அப்படியே தொடரும்: அதில் இருப்பவரின் சம்மதமின்றி எந்த ஒத்திகைப் படமும் வெளியே போகாது. இனி நம் சபா அச்சிடும் ஒவ்வொரு அழைப்பிதழிலும் தம்புரா இசைப்பவரின் பெயர் மற்றப் பெயர்களின் அளவிலேயே இருக்கும். சிறிய எழுத்தில் அல்ல, அதே எழுத்தில்! இதைச் செய்ய மறந்தால் எங்களைத் தட்டிக்கேளுங்கள்.

அந்த எழுபத்து மூன்று படங்களும் வலப்பக்கச் சுவர் ஓரம் உள்ள நீண்ட மேசைகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. போன வாரம் முதல் படத்தை எடுத்துக்கொண்டு நான் விசாரிக்கப் புறப்பட்டேன். நீல நிறப் புடவை, மடியில் தம்புரா, கண் மூடியிருக்கிறது. அதே முகம் அம்மையாரின் மற்றப் படங்களில் எங்கெங்கே வருகிறது என்று எண்ணிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் பத்தொன்பது கச்சேரிகளில் உட்கார்ந்திருக்கிறார். நான்கு பேரைக் கேட்டேன், ஐந்தாவது ஆள் சொன்னார். அல்சூரில், இந்த மண்டபத்திலிருந்து நடக்கிற தூரத்தில், மூன்றாவது தெருவில் இருக்கிறார். நேற்றுப் போய்க் கதவைத் தட்டினேன். "நீங்களா சார்? என்ன விஷயம்?" என்று பதறினார். "உங்க பேரு தெரிஞ்சுக்க வந்தேன்" என்றேன். கதவை முழுதாகத் திறந்தார். பிறகு சொன்னார்.

பாஞ்சாலி. அவர் பெயர் பாஞ்சாலி. நான்காவது வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். உட்கார்ந்திருங்கள்.

இது போன்ற கூட்டங்களில் கடைசியில் ஒரு நிமிடம் எழுந்து நிற்பது வழக்கம். நிற்போம். அந்த ஒரு நிமிடத்தை முடித்துக்கொண்டு நேராக வெளியே போய்விடாதீர்கள். மேசைக்கு வாருங்கள். ஒவ்வொரு முகமாகப் பாருங்கள். தெரிந்த முகம் இருந்தால் படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பெயரை எழுதுங்கள். பென்சில்கள் வைத்திருக்கிறோம். ஒன்றில் எழுதியாகிவிட்டது. எழுபத்திரண்டு இருக்கின்றன.